ஐந்து வயர் அருவி

குற்றாலத்தில் சந்தோஷப்படுவதற்கு ஒரு முறை உண்டு. தலையில் எண்ணெய் தேய்த்து, துண்டைத் தோளில் போட்டு, ஆண்கள் ஆண்கள் பக்கமும் பெண்கள் பெண்கள் பக்கமும் வரிசையில் நின்று, விசில் ஊதினால் உள்ளே போய், மறுபடி ஊதினால் வெளியே வந்துவிட வேண்டும். தண்ணீர் சுமாராக விழுந்தால் குளிக்கலாம். நன்றாக விழுந்தால், அதாவது அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால், குளிக்கத் தடை. மறுநாள் பேப்பரில் 'சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்' என்று போடுவார்கள். ஏமாந்த பயணிகள் ஆளுக்கு இரண்டு மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு ஊர் போய்ச் சேருவார்கள். வெள்ளத்தில் உயிர் போகாமல் காப்பாற்றும் ஏற்பாடு இது. இதை நான் குறை சொல்ல வரவில்லை. தண்ணீருக்குப் போட்ட சட்டத்தைக் கம்ப்யூட்டருக்கும் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் முத்துகுமரன். தென்காசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர், ஒவ்வொரு சாரல் சீசனிலும் குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம். ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் வயரால் இணைத்து, ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவோம். லேன் பார்ட்டி என்று இதற்குப் பெயர். வீட்டிலிருந்தபடி நெட்டிலேயே விளையாடலாமே என்று கேட்கிற அறிவாளிகள் இருக்கிறார்கள். கல்யாணத்தை லைவில் பார்த்துவிட்டு வீட்டில் உப்புமா கிண்டிச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். சுடுபட்டவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நம்மைத் திட்டாவிட்டால் சுட்டதில் என்ன சுகம் இருக்கிறது?

நாலு பேரில் இசக்கிராஜா ராணுவத்தில் ஹவில்தார். நிஜத் துப்பாக்கியோடு பனிக்குள் நிற்கிறவன். சஃப்ரின் கடையநல்லூரில் பல் டாக்டர். இந்த இரண்டு பேரில் யார் யாரைச் சுடுவார்கள் என்று ஊரில் கேட்டால் எல்லாரும் தப்பாகத்தான் சொல்வார்கள். ஒன்பது சீசனாக இசக்கிராஜா சஃப்ரினிடம் செத்துக்கொண்டிருந்தான். மாடிப்படியில் செத்திருக்கிறான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செத்திருக்கிறான், சரணடைய வரும்போதும் செத்திருக்கிறான். 'வாயைக் கொஞ்சம் திறங்க' என்று சொல்லும் அதே நிதானத்தோடு அவள் சுடுவாள். எங்கள் ஆட்டத்தில் எதிராளியை முதலில் இருபத்தைந்து தடவை சுட்டவர் ஜெயித்தவர். இசக்கிராஜா ஒரு தடவைகூட பதினாறைத் தாண்டியதில்லை.

போன வருஷம் சஃப்ரினுக்கு ரியாத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. சீசன் முடிந்ததும் கிளம்ப வேண்டும். அங்கே போனால் சாரலுக்கு லீவு தரமாட்டார்கள். செய்தி கேட்டதும் இசக்கிராஜா எல்லையிலிருந்து எனக்குப் போன் போட்டான்.

"ஏலே, அவ போறதுக்குள்ள ஒரு மேட்ச். ஒரே ஒரு மேட்ச் முழுசா ஆடி அவள ஜெயிச்சிரணும்லே. இல்லன்னா ரிட்டயர் ஆகுத வரைக்கும் இது நெஞ்சுக்குள்ளயே கெடக்கும்."

"ஜெயிச்சிரலாம்லே, வா," என்றேன். அவனுக்குக் கிடைத்த லீவில் கடைசி மூன்று நாளை இதற்காக ஒதுக்கியிருந்தான். மிச்ச நாளில்தான் பெண்டாட்டி, பிள்ளை, கோயில் கொடை எல்லாம்.

நாலாவது ஆள் ஜோயல். சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். புதிதாக என்ன வந்தாலும் முதலில் வாங்குகிறவன் அவன்தான். ஒன்பது வருஷம் கைலியோடு உட்கார்ந்து ஆடிய ஆட்டத்தை அந்த வருஷம் 'ஃபெஸ்ட்' ஆக்கியே தீருவேன் என்றான்.

"இப்பல்லாம் சும்மா விளையாடப்பிடாதுலே. கம்யூனிட்டி பில்ட் பண்ணணும்," என்றான்.

"எதுக்குலே?"

"எதுக்குன்னா, எல்லாவனும் பண்ணுதாம்லா."

அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? ஏழு நிறத்தில் மினுங்கும் கீபோர்டு வந்தது. கழுத்துக்கு ஒரு தலையணை, முதுகுக்கு ஒரு தலையணை வைத்த நாற்காலி, ஆம்னி பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்து வந்தது. எங்கள் பட்டப்பெயரை முதுகில் இங்கிலீஷில் அச்சடித்த ஜெர்சியும் வந்தது. எனக்கு 'டார்க் ஃபேன்டம்' என்று வைத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டு காலையில் பால் வாங்கப் போனேன். பால்கடைக்காரர் என் முதுகை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "கபடி டீமா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக வாசலில் ஒரு பேனர் கட்டினான். கல்யாண வீட்டு அளவு. நாங்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறோம், பின்னால் ஒரு புலி, புலிக்குப் பின்னால் நெருப்பு, நெருப்புக்குப் பின்னால் அருவி. 'மாபெரும் மின்விளையாட்டுப் பெருவிழா. அனைவரும் வருக.' அப்படிப் போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பது ஜோயலின் கணக்கு. அரசாங்கம் வந்துவிட்டது.

வந்தவர் பெயர் ஞானதுரை. பருவகாலப் பொழுதுபோக்கு ஒழுங்குமுறைத் தனி அலுவலர், பொறுப்பு. அப்படி ஒரு செக்சன் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மழைக்குக் குடை, தங்கமான மனுஷன். இருபது வருஷம் அருவிக் கரையில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவர். கூடவே மாடன் என்று ஒரு பணியாளர். கழுத்தில் விசில், தோளில் கயிறு.

"இங்கன என்ன தம்பி நடக்குது?" என்று கேட்டார் ஞானதுரை.

"விளையாடுதோம் சார்," என்றேன்.

"விளையாட்டு எங்க செக்சன்ல வராது. சந்தோஷம்தான் வரும். சந்தோஷமா இருக்கியளா?"

நான் யோசித்து ஏதாவது சொல்லியிருப்பேன். இசக்கிராஜா ராணுவம். மேலதிகாரி தோரணையில் யார் கேட்டாலும் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுவான். "இருக்கோம் சார்," என்றான்.

"அப்ப எங்க செக்சன்தான்." குடையை மடக்கி உள்ளே வந்தார். ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும் என்பதால், வயர்களை எல்லாம் இணைக்கும் சுவிட்ச் பெட்டியை நான் பரணில் வைத்திருந்தேன். அங்கேயிருந்து நாலு கம்ப்யூட்டருக்கு நாலு வயரும், ஆட்டத்தை நடத்தும் சர்வருக்கு ஒரு வயரும் சுவரோடு தொங்கின. எல்லாம் நீல வயர். ஞானதுரை அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மேலயிருந்து கீழ வருதா?"

"ஆமா சார்."

"கீழ ஆளுக கூடி சந்தோஷப்படுதாங்க."

"ஆமா சார்."

"எத்தன பிரிவா விழுது?"

"அஞ்சு."

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "மாடா," என்றார், "இது அருவிடே."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மாடன் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினான்.

"எங்க ஆணையில தெளிவா இருக்கு தம்பி. 'அருவி எனப்படுவது மேலிருந்து கீழே வருவதும், அதன்கீழ்ப் பொதுமக்கள் கூடி மகிழ்வதுமான எதுவும்.' தண்ணின்னு போடல. போட்டிருக்கணும்னுதான் எனக்கும் தோணுது. போடல. போடாதத நான் போட முடியுமா? அந்த அதிகாரம் எனக்குக் கெடையாதே."

"சார், இது தண்ணி இல்ல. டேட்டா," என்றான் ஜோயல்.

"வேகமா வருமா, மெதுவா வருமா?"

இந்த இடத்தில் மெதுவாக வரும் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஜோயலிடம் வேகத்தைப் பற்றிக் கேட்டால் அவனால் பொய் சொல்ல முடியாது. "செகண்டுக்கு ஒரு ஜிபி சார். இந்த மாவட்டத்துல வேற எங்கயும் இப்படி வராது," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

"வரத்து ஜாஸ்தி," என்றார் ஞானதுரை. மாடன் கயிறு கட்ட ஆரம்பித்தான்.

முதலில் சஃப்ரினைத் தனியே பிரித்தார்கள். பெண்கள் பகுதி என்று அறையின் பாதியை மறைத்து ஒரு தட்டி வைத்தார்கள். உடை மாற்றும் இடம் ஒன்றும் ஏற்பாடானது. பெண்களுக்குத் தனி சுவிட்ச் வேண்டும், ஆண்கள் டேட்டாவும் பெண்கள் டேட்டாவும் ஒரே பெட்டியிலிருந்து விழக்கூடாது என்றார் ஞானதுரை. கடையிலிருந்து இன்னொரு சுவிட்ச் கொண்டுவந்தேன். இரண்டும் தனித்தனி என்றால் அவளும் இசக்கிராஜாவும் எப்படி மோதுவது? இசக்கிராஜாவின் முகம் சுண்டிவிட்டது.

தட்டிக்குப் பின்னாலிருந்து சஃப்ரின் கேட்டாள். "சார், மெயின் அருவியில ஆம்பளைக பக்கம் விழுத தண்ணியும் பொம்பளைக பக்கம் விழுத தண்ணியும் அப்புறம் எங்க போவுது?"

"ரெண்டும் ஆத்துலதாம்மா சேருது."

"கீழ சேரலாம்லா?"

ஞானதுரை குனிந்து தரையைப் பார்த்தார். "கீழ சேரலாம்," என்றார். தரையோடு ஒரு வயரை ஓட்டி இரண்டு சுவிட்சையும் இணைத்தேன். அதன்மேல் யாரும் கால் வைத்துவிடாமல் இருக்க மாடன் அதற்கும் ஒரு கயிறு கட்டினான். இந்த மனுஷனிடம் சட்டம் பேசத் தெரிந்த ஒரே ஆள் சஃப்ரின்தான் என்று எனக்கு அப்போதே புரிந்தது.

பிறகு வாசலில் போர்டு வந்தது. 'சோப்பு, சீயக்காய், ஷாம்பு உபயோகிக்கத் தடை.' அடுத்து வரிசைக்கான கயிறு. அதில்தான் எங்கள் வாழ்க்கை போனது. குற்றாலத்துக்கு வருகிற ஜனங்களுக்கு ஒரு வழக்கம். கயிறு கட்டிய இடத்தில் எண்ணெய்த் தலையோடு நாலு பேர் நின்றால், ஐந்தாவது ஆள் எதற்கென்று கேட்கமாட்டான். போய் நின்றுவிடுவான். முன்னால் நிற்கிறவன் விவரமானவன் என்று அவன் நம்புகிறான். முன்னால் நிற்கிறவனும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். மத்தியானத்துக்குள் வரிசை ரோட்டைத் தொட்டது. ஒரு ரம்புட்டான் வண்டியும் ஒரு சுண்டல் வண்டியும் வந்து நின்றன. இனி இது அருவி இல்லை என்று கடவுளே சொன்னாலும் எடுபடாது.

மாடன் விசில் ஊதினான். ஆண்கள் பக்கம் மூன்று பேர் உள்ளே வந்து எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இடுப்பில் ஈரத் துண்டு, தலையில் நல்லெண்ணெய். திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் ஜோயலின் ஏழு நிறக் கீபோர்டைத் தடவிப் பார்த்தார்.

"இதுல எங்கன நிக்கணும்?" என்று கேட்டார்.

"நிக்க வேண்டாம். உக்காருங்க, அமுக்குங்க," என்றான் ஜோயல்.

பெரியவர் அமுக்கினார். எங்கேயோ ஒரு குண்டு வெடித்தது. இன்னொன்று அமுக்கினார். அவரே செத்துப்போனார். விசில் ஊதியது. எழுந்து தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே போனார். "எப்படி இருக்கு?" என்று வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். "தண்ணி சுமார்தான். ஆனா தள்ளுமுள்ளு இல்ல, நிம்மதியா இருக்கு," என்றார் அவர். மறுபடியும் எண்ணெய் வாங்கித் தேய்த்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

நாங்களும் வரிசையில் நின்றோம். எங்கள் கம்ப்யூட்டருக்கு, நாங்கள் எடுத்த வீட்டில், எங்கள் படம் போட்ட பேனருக்குக் கீழே நின்றோம். கயிற்றுக்கு அடியில் நுழையப் பார்த்த என்னை ஒரு மதுரைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்து, "வரிசையில வாய்யா, நாங்கள்லாம் மனுசங்களாத் தெரியலையா?" என்று கேட்டார். நான் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன். ஜோயல் மட்டும் இத்தனையையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "கம்யூனிட்டிலே. தானா பில்ட் ஆவுது பாரு," என்றான். அவனை அங்கேயே நாலு அறை விட்டிருக்க வேண்டும்.

எங்கள் முறை வந்து உட்கார்ந்தால், இசக்கிராஜா இரண்டு தடவை சுடுவதற்குள் விசில். எழுந்து, வெளியே போய், மறுபடி நின்று, மறுபடி வந்தால் ஆட்டத்தை யாரோ ஒரு கோவில்பட்டிக் குடும்பம் கலைத்திருக்கும். முதல் நாள் இப்படியே போயிற்று. சாயங்காலம் இசக்கிராஜா ஞானதுரை முன்னால் போய் அட்டென்ஷனில் நின்றான்.

"சார், ஒரே ஒரு மேட்ச். முழுசா. அவங்க வெளிநாடு போறாங்க. நான் நாளான்னைக்கு ரயிலேறணும்."

ஞானதுரைக்கு மனசு கேட்கவில்லை. சொன்னேனே, தங்கமான மனுஷன். "நாளைக்கு சாப்பாட்டு நேரத்துல கூட்டம் கொறையும். அப்ப ஆடுங்க. விசில் கெடையாது. ஆனா ஆர்ச் உண்டு," என்றார்.

"என்ன ஆர்ச் சார்?"

"ஆர்ச் இல்லாம அருவி உண்டா? உங்க ஆட்டத்துல நெறைய சந்தோஷம் எத்தனையில வரும்?"

"இருபத்தஞ்சுல ஜெயிக்கணும் சார்."

"அப்ப ஆர்ச் இருபது. அதத் தொட்டா தடை."

"இருபத்தஞ்சுக்கு மேல ஆர்ச்ச வச்சா என்ன சார்?" என்றாள் சஃப்ரின்.

"ஆர்ச்ச ஒசத்தி வச்சா சந்தோஷம் அதுக்கும் மேல வரும்மா. எங்க கண்ணால பார்த்திருக்கோம்." பிறகு அவர் மெதுவாக ஒன்று சொன்னார். "இருபது வருஷம் அருவியில நின்னேன். ஒரு நாளும் நான் குளிச்சது கெடையாது. குளிக்கவன் எப்படிக் குளிக்கவங்கள ஒழுங்குபடுத்த முடியும்?" அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

மறுநாள் ஆட்டம் ஆரம்பித்தது. இசக்கிராஜா அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. சஃப்ரினை மாடிப்படியில் சுட்டான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுட்டான். ஒன்பது வருஷம் அவன் செத்த இடங்களிலெல்லாம் அவளைச் சாகடித்தான். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏலே, என்ன தின்னுட்டு வந்தே?" என்று அவள் சத்தம் போட்டாள். புரோட்டாப் பொட்டலத்தோடு வெளியே நின்ற ஜனமெல்லாம் ஜன்னலில் தொங்கியது. யார் யாரைச் சுடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் விசிலடித்தார்கள், கை தட்டினார்கள். அவன் பத்தொன்பது, அவள் பதினேழு. நான் ஜோயலின் கையைப் பிடித்துக்கொண்டு இசக்கிராஜாவையே பார்த்தேன். அவன் இருபதாவதைச் சுட்டான்.

மாடன் ஊதிய விசில் செங்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். மெயின் சுவிட்சை ஞானதுரையே அணைத்தார். "எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்க. மகிழ்ச்சி ஆர்ச்சத் தாண்டிட்டு," என்றார். மறுநாள் பேப்பரில் வந்தது: 'குற்றாலம் கணினி அருவியில் மகிழ்ச்சிப் பெருக்கு. விளையாடத் தடை. சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்.' கீழே படம். நாங்கள் நாலு பேரும் ஜெர்சியோடு ஏமாந்து நிற்கிறோம்.

தடையை எப்போது நீக்குவீர்கள் என்று போய்க் கேட்டேன். வரத்து குறைந்ததும் என்றார். வரத்து குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? அவரே ஒரு நாற்காலியிலும் மாடன் இன்னொன்றிலும் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஆட்டத்துக்குள் நடக்கத் தெரியவில்லை. ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மணி நேரம் ஒருவரும் சாகவில்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஞானதுரை திருப்தியோடு எழுந்தார். "வரத்து சீராயிட்டு. பொதுமக்களுக்கு அனுமதி," என்றார். வெளியே மழையில் காத்திருந்த வரிசை, வாழ்க என்று சத்தம் போட்டது.

"போதும்லே," என்றாள் சஃப்ரின். "உன் கடை மாடிக்குப் போவோம்."

அது மூன்றாவது நாள். சாயங்காலம் இசக்கிராஜாவுக்கு ரயில். இரண்டு கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, தென்காசியில் என் கடை மாடிக்கு வந்துவிட்டோம். இந்தத் தடவை நான் ஜாக்கிரதையாக இருந்தேன். சுவிட்சைத் தரையில் வைத்தேன், வயரைத் தரையில் ஓட்டினேன். மேலிருந்து கீழே எதுவும் வரவில்லை. கயிறு இல்லை, தட்டி இல்லை, பேனர் இல்லை. ஜோயல்கூட கைலி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அறைக்குள் நாங்கள் நாலு பேர்தான். ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. ஒன்பது வருஷமும் இப்படித்தான் இருந்தோம்.

ஆட்டம் நேற்றைப் போலவே போயிற்று. இசக்கிராஜா முன்னால், சஃப்ரின் பின்னால். அவள் நெற்றியில் வேர்வை. பதினெட்டு, பத்தொன்பது. அவன் இருபதாவதைச் சுட்டான். அவள் பதினெட்டில் இருந்தாள். இன்னும் ஐந்துதான்.

இசக்கிராஜா மவுசிலிருந்து கையை எடுத்தான். இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சஃப்ரின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அதில் அவனுடைய ஆள் நடு முற்றத்தில் துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அவள் சுட்டாள். செத்து எழுந்து மறுபடி வந்து நின்றான். சுட்டாள். எழுந்து நின்றான். "ஏலே, ஆடுலே," என்றாள். அவன் அசையவில்லை. அவள் சுட்டுக்கொண்டே இருந்தாள், அவன் செத்துக்கொண்டே இருந்தான். திரையில் அவள் பெயருக்கு நேரே இருபத்தைந்து வந்து நின்றது.

"என்னலே, ஏன் நின்னுட்டே?"

"ஆர்ச் வந்துட்டுல்லா," என்றான் இசக்கிராஜா. "விசிலுக்குப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"இங்கன யாருலே விசில் ஊதப் போறா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் ஜோயலும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆர்ச் தாண்டினதுக்கு அப்புறம் சுட்டது செல்லாதுல்லா," என்றான் ஜோயல்.

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா சஃப்ரின்," என்றேன் நான். இசக்கிராஜாவும் தலையாட்டினான். கோபமே இல்லாமல், மனசாரத் தலையாட்டினான்.

சஃப்ரின் முதலில் சிரித்தாள். நாங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் தோத்திருப்பேம்லே," என்றாள் இசக்கிராஜாவிடம். "நெசமாவே தோத்திருப்பேன். உனக்கு ட்ரீட்டு வைக்கணும்னு பணம்கூட எடுத்து வச்சிருந்தேன்." படியிறங்கிப் போய்விட்டாள். ஆவணியில் ரியாத் போனாள்.

அடுத்த சீசனுக்கு ஞானதுரை ஓய்வு பெற்றுவிட்டார். அந்தச் செக்சனையும் எடுத்துவிட்டார்கள். மாடன் வேறு வேலைக்குப் போய்விட்டான். எங்களைக் கேட்பதற்கு இப்போது ஆளே கிடையாது. இஷ்டப்படி ஆடலாம், இருபத்தைந்து என்ன, இருநூறு வரைக்கும் போகலாம்.

இந்த வருஷமும் அதே வீட்டைத்தான் எடுத்திருக்கிறோம். சுவிட்சைப் பரணில் வைத்திருக்கிறேன், ஐந்து வயரும் பார்ப்பதற்கு லட்சணமாக விழுகின்றன. கயிறு ஜோயல் வாங்கி வந்தது, ஏழு நிறத்தில் மினுங்கும். இசக்கிராஜா லீவில் வந்து, முறைப்படி வரிசையில் நின்று ஆடுகிறான். இருபது வந்ததும் யாரும் சொல்லாமலே கையை எடுத்துவிடுகிறான். நேற்று சஃப்ரின் வீடியோவில் வந்து யார் ஜெயித்தது என்று கேட்டாள். வரத்து சீராக இருக்கிறது என்று சொன்னோம். அவள் போனை வைத்துவிட்டாள்.

விசில் என்னிடம்தான் இருக்கிறது. நீங்களும் அவசியம் வரவேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தால் நல்லது. வரிசையில் நிற்க வேண்டும், ஊதியதும் எழுந்துவிட வேண்டும், இவ்வளவுதான் விதி. ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். எத்தனை சீசனாக உங்களை வரிசையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.